ஒரு நாழித் தவிடு

கோமு சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வடிவுக்கு அதுதான் தாங்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டோ, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டோ சொல்லியிருந்தால், சரி, இவளுக்கும் உள்ளே உறுத்தத்தான் செய்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கூடப் பிறந்த தங்கச்சி. ஆனால் அவள் பிள்ளையைப் பாயில் தூங்கப் போட்டுவிட்டு, தையல்கடைக்குப் போய் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று வாசலுக்குப் போனவள், செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்குக் கோயில்ல வச்சு அந்தத் தவுட்டையும் ஒன்ட்ட திருப்பித் தந்திருதேன்க்கா. முறை முடிஞ்சிரும்லா" என்றாள். இரவல் வாங்கிப்போன இட்லிக் கொப்பரையைத் திருப்பித் தருகிற மாதிரி. சிரிப்பு வேறு. வடிவு தலையை ஆட்டினாள். ஏன் ஆட்டினோம் என்று இப்போது யோசித்தால் அவளுக்கே அவள்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டு, ஆள் தெருமுனை தாண்டிய பிறகு பதிலைத் தேடுகிற ஜென்மம். கோமு தெருமுனை தாண்டிவிட்டாள். நாளைக்குக் கோயிலில் பிள்ளை பேரில் மாவிளக்குப் போட இடிக்க வேண்டிய பச்சரிசி சுளகில் கிடந்தது. பிள்ளை ஒருக்களித்துப் படுத்து, கட்டைவிரலைச் சூப்பியபடி தூங்கிற்று. வடிவு அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து சுளகை எடுத்தாள். கை பாட்டுக்குப் புடைக்க ஆரம்பித்தது.

தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று ஊரில் எல்லாப் பிள்ளைகளையும்தான் கேலி செய்வார்கள். வடிவையும் செய்திருக்கிறார்கள்; கோமு சிவப்பு, இவள் கறுப்பு என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே. ஆனால் அந்தக் கேலிக்கு அடியில் நிஜமாகவே ஒரு முறை இருக்கிறது. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைச் சுளகில் கிடத்தி, வேறொருத்திக்கு ஒரு நாழித் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். எமன் தேடிக்கொண்டு வருவானாம். இந்த வீட்டில் பிள்ளை ஏது, இருந்ததையும் மாட்டுத் தீனி விலைக்குத் தள்ளிவிட்டோம் என்று கேள்விப்பட்டு, அவ்வளவு மட்டமான உருப்படி நமக்கு எதற்கு என்று திரும்பிப் போய்விடுவானாம். கோமுவுக்கு முதல் பிள்ளை ஒரு வாரம்கூட இருக்கவில்லை. இரண்டாவது, தலை நிற்பதற்கு முன்னாலேயே போய்விட்டது. அப்போது வடிவு மதுரையில் இருந்தாள். தகவல் தெரிந்து பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூன்றாவதுக்குத்தான் வடிவைக் கூப்பிட்டார்கள். அவள் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. முறை வேறு, நிஜம் வேறு என்று அவளுக்குத் தெரியாதா? வெறும் முறையாக இருந்திருந்தால் அவளும் தவிட்டைக் கொட்டி, பிள்ளையை வாங்கி, திருப்பிக் கொடுத்து, பாயசம் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்திருப்பாள். அதற்கு முன்னால் ஏழாம் மாதம் என்று ஒன்று இருக்கிறதே. இதே அடுப்படி. கோமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, அதோ அந்த அரிசி டின்மேல்தான் உட்கார்ந்தாள். மோர் கொடுத்தாள் வடிவு. பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, "இது தங்குச்சுன்னா ஒனக்குத்தான்க்கா. எனக்குப் பெறத்தான் வருது, வளக்கக் குடுத்து வைக்கல" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வடிவு யாரிடமும் பிள்ளை கேட்டவள் இல்லை. ஆஸ்பத்திரி, வேண்டுதல், விரதம் எல்லாம் ஓய்ந்து, இல்லை என்பது ஒரு பழக்கமாகி, நிம்மதியாகக்கூட இருந்தாள். கோமுவிடமும் கேட்கவில்லை. அவளாகத்தான் தந்தாள். மீதி மோரையும் குடித்துவிட்டுத்தான் போனாள்.

சுளகில் மூன்று வேலை உண்டு. தூக்கிப் போட்டுத் தட்டினால் உமியும் தூசியும் முன்பக்கமாகப் பறந்துவிடும், அது புடைப்பது. பக்கவாட்டில் ஆட்டினால் குருணை ஒரு பக்கமும் முழு அரிசி ஒரு பக்கமும் ஒதுங்கும், அது கொழிப்பது. பின்னாலிருந்து விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் கல் பின்தங்கி அரிசி முன்னால் ஊர்ந்து வரும், அது தெள்ளுவது. இப்போது வருகிற அரிசியில் உமியும் கிடையாது, கல்லும் கிடையாது, பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் கோயில் காரியத்துக்குச் சுளகில் போடாமல் எடுக்க மனசு வராது. அம்மா காலத்தில் நெல்லை உரலில் போட்டு உலக்கையால் குத்துவார்கள். முதல் குத்துக்கு உமி, இரண்டாவது குத்துக்குத் தவிடு. அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று வடிவு ஒருநாளும் நினைத்ததில்லை. உலக்கை பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பிள்ளையை வாங்குகிற அன்றைக்குத் தவிட்டுக்கு அவள் மாட்டுத்தீனிக் கடைக்குத்தான் போனாள். கடைக்காரர் எத்தனை மாடு நிற்கிறது என்று கேட்டார். ஒன்று என்றாள். சொல்லிவிட்டுத் தெருவெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். பைத்தியம் மாதிரி. அளக்கிற நாழியும் அவளிடம்தான் இருந்தது, பித்தளைப் பூண் போட்டது. தலை தட்டி அளந்தால் போதும் என்று கோமுவின் மாமியார் சொல்லியும், கும்பாரமாக, ஓரமெல்லாம் சிந்தச் சிந்த அளந்து கோமுவின் மடியில் கொட்டினாள். குறைந்துவிடக் கூடாது என்று. பிறகு பிள்ளையோடு சுளகைத் தூக்கிக்கொண்டு, "இது எம் பிள்ள. வளத்துக் குடு" என்று சொன்னாள். அப்படித்தான் சொல்ல வேண்டும், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சொல்லும்போது கோமுவின் கண்ணைப் பார்த்தாள், கோமு அவளைப் பார்த்தாள், இருவருக்கும் அழுகை பொங்கிவிட்டது. அந்த அழுகை எதில் சேர்த்தி? முறையிலா, நிஜத்திலா? ஊரில் வேறு யார் வீட்டிலும் சுளகு இல்லை, எல்லாரும் பிளாஸ்டிக் முறம்தான் வைத்திருக்கிறார்கள். ஒருவேளை சுளகு வைத்திருந்ததால்தான் நம்மைக் கூப்பிட்டார்களோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அடுத்த வீட்டில் ஒரு சுளகு இருந்திருந்தால் அடுத்த வீட்டுக்காரிக்குத்தான் விற்றிருப்பார்களோ. சீ, அப்படி இருக்காது. ஏழாம் மாதம் சுளகைப் பற்றி யார் பேசினார்கள்? அரிசி வழிந்து தரையில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

பால்குடி மறக்கட்டும், பிறகு இங்கே வந்துவிடும் என்றுதான் பேச்சு. பேச்சு என்றால், வடிவு பேசினாள், கோமு உம் கொட்டினாள். இப்போது நினைத்தால் உம் மட்டும்தான் கொட்டியிருக்கிறாள். அந்த உம்மை நம்பி இந்த வீட்டையே புரட்டிப் போட்டார்கள். பிள்ளை தவழ ஆரம்பித்ததும் முதலில் அரிவாள்மணை பரணுக்குப் போயிற்று. வயசு நாற்பதைத் தாண்டிய பிறகு கத்தியில் காய் நறுக்கப் பழகி, விரலெல்லாம் துணி சுற்றிக்கொண்டு திரிந்தாள். குழவி உருண்டு காலில் விழுந்துவிடும் என்று அம்மியைப் புறவாசலுக்குத் தள்ளினார் அவள் வீட்டுக்காரர் சுடலைமணி. தரையில் பதித்திருந்த உரலின் குழிக்குள் பிள்ளை தலைகுப்புற விழுந்துவிடுமோ என்று அதன்மேல் போட்டு மூட ஒரு பலகை அறுத்துக்கொண்டு வந்தார். உப்பளத்தில் நாள் முழுக்க நின்று கண் கூசிப்போய் வருகிற மனுஷன். வந்து, காபிகூடக் குடிக்காமல் பலகைக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார், பிள்ளை கையில் சிலாம்பு ஏறிவிடுமாம். மோர் கடைகிற மத்து ஒன்றுதான் கீழே மிச்சம். பல் முளைக்கிற நேரத்தில் பிள்ளை அதைக் கடித்துக்கொண்டே கிடக்கும், அதனால் அதில் மோர் கடைவதை விட்டாயிற்று. சுடலைமணி வாயைத் திறந்து ஆசையைச் சொல்லுகிற ஆளே இல்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே, தலை நிமிராமல், எப்போ என்று கேட்டார். கோயில் காரியம் முடியட்டும், அநேகமாக அடுத்த மாதம் என்றாள். அடுத்த கவளத்தை வாயில் வைக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவரிடம் இன்றைக்கு ராத்திரி என்னவென்று சொல்வது? தவிட்டைத் திருப்பித் தருகிறார்கள் என்றா? கோமு வடிவை ஏமாற்றினால் அது அக்கா தங்கச்சிக்குள். அந்த மனுஷனையும் சேர்த்து ஏமாற்ற இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நல்லா இரு, நல்லா இரு என்று வாய் முணுமுணுத்தது. ஆசீர்வாதமாக அது வரவில்லை.

எப்போதிருந்து என்று யோசித்தாள். எங்கேயோ ஓர் இடத்தில் இது முறிந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் கோமு பிள்ளையை நீட்டும்போது ஒன்றும் சொல்லமாட்டாள், இந்தா என்பாள், அவ்வளவுதான். வடிவும் தன்னை எந்தப் பெயராலும் சொல்லிக்கொள்ளவில்லை. பெரியம்மா என்று பழக்கிவிட்டால் பிறகு அந்தப் பெரிய என்பதைக் கழற்றுவது கஷ்டம். அது ஒட்டிக்கொள்ளவே வேண்டாம் என்று ஜாக்கிரதையாக இருந்தாள். பிள்ளைக்குப் பெயர்வைப்புப் பத்திரிகையில் போட்ட பெயர் மிருதுளா. வடிவு தவுடு என்றுதான் கூப்பிடுவாள். தவுடு, தவுட்டு ராசாத்தி. அதற்கு அது பல்லில்லா வாயைக் காட்டும். பிறகு ஒருநாள், வாசலில் வைத்து, "பெரியம்மாட்ட போ, பெரியம்மாட்ட போ" என்று கோமு இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவை ஏன்? அன்றைக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அது தைப்பொங்கலுக்கு முன்னாலா, பின்னாலா? பிள்ளை முதல் அடி வைத்ததற்குப் பிறகுதான் என்று தோன்றுகிறது. நடக்க ஆரம்பித்த பிள்ளை, இனி போகாது என்கிற தைரியம். ஆகமொத்தம், பிள்ளை சாகுமோ என்கிற மட்டும் அது வடிவுடையது, பிழைத்துக்கொண்டது என்று தெரிந்ததும் கோமுவுடையது. எவ்வளவு நியாயமான பங்கு. வடிவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று அடக்கிக்கொண்டாள்.

பிள்ளை அசைந்தது. வடிவு சுளகை வைத்துவிட்டுக் கையை ஊன்றிப் பக்கத்தில் போனாள். மூக்குக்கு நேராக விரலை நீட்டிப் பார்த்தாள். சூடாக வந்தது மூச்சு. இந்தப் பழக்கம் விடவில்லை; தூங்குகிற பிள்ளையை அவளால் சும்மா பார்க்க முடிந்ததே இல்லை, விரலை நீட்டி ஒருதரம் உறுதிப்படுத்திக்கொண்டால்தான் உண்டு. ஒருதரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டபோது கோமு மூலையில் உட்கார்ந்து அழுதாள். ஆட்டோ பிடித்து, டாக்டரிடம் கத்தி, ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டவள் வடிவு. எம் பிள்ளை, எம் பிள்ளை என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு அலைந்தாள், நர்சுகூட இவளைத்தான் அம்மா என்று நினைத்தாள், கோமு பக்கத்தில் நின்றும் இல்லையென்று சொல்லவில்லை. இப்போது பிள்ளையின் கால் பாயைத் தாண்டித் தரையில் கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைத்தாள். வாசல் கதவு சாத்தித்தான் இருக்கிறது, தாழ்ப்பாள் போடவில்லை. போட்டால் என்ன? போட்டுவிட்டு, புறவாசல் வழியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் என்ன? சங்கரன்கோயிலில் நாத்தனார் வீடு இருக்கிறது. நாத்தனார் என்ன ஏது என்று கேட்பாள். என் பிள்ளை என்று சொல்ல வேண்டும். உனக்கு ஏது பிள்ளை என்பாள். தவிட்டுக்கு வாங்கினேன் என்றால் சிரிப்பாள், அவள் பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கும். வடிவு தன் கையைப் பார்த்தாள். கை ஏற்கெனவே பிள்ளையின் முதுகுக்கு அடியில் போயிருந்தது. எப்போது போயிற்று என்று தெரியவில்லை. மெதுவாகக் கையை உருவிக்கொண்டு, திரும்பி வந்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டாள். தட்டவில்லை. அவளுக்கு அவளைப் பார்த்தே பயமாக இருந்தது.

கோமு வந்துவிட்டாள். ஒரு கையில் ஜாக்கெட் பை, இன்னொரு கையில் பாலித்தீன் கவரில் கட்டிய தவிடு. தையல்கடைக்குப் பக்கத்தில்தானே மாட்டுத்தீனிக் கடை. விசிறிக்கொண்டே உட்கார்ந்து, வெயிலைப் பற்றிச் சொன்னாள், தையல்காரன் கையை இறுக்கமாக வைத்துவிட்டான் என்று சொன்னாள். நாளைக்குக் கோயிலில் ஒரே கூட்டமாக இருக்கும், இங்கேயே வைத்து இதை முடித்துவிட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டே கவரின் முடிச்சை அவிழ்த்தாள். இந்தத் தடவை வடிவு தலையை ஆட்டவில்லை.

"ஏழாம் மாசத்துல இங்க உக்காந்து என்னட்டி சொன்ன?"

கோமுவின் கை முடிச்சில் நின்றது. தெரியாததுபோல் நடிப்பாள், எதைச் சொல்கிறாய் அக்கா என்பாள், அதற்குத் தயாராகத்தான் வடிவு இருந்தாள். கோமு நடிக்கவில்லை. பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டு அத்தைதான் அப்படிச் சொல்லச் சொன்னாவ" என்றாள். "வாங்குதவ நெசமாவே தம் பிள்ளன்னு நம்பணுமாம். ரெண்டாவதுக்கும் இந்த முறை செஞ்சோம்க்கா, ஒனக்குத் தெரியாது. எதுத்த வீட்டுக்காரி வாங்குனா. சிரிச்சிக்கிட்டே வாங்குனா. வெளாட்டுன்னு அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிஞ்சா எமனுக்கும் தெரிஞ்சிரும்லா. தங்கலயே. அதான் ஒன்ட்ட மொதல்லயே சொல்லி வச்சேன். நீ நம்புவன்னு தெரியும்." பிறகு குரல் உடைந்தது. "நான் என்ன செய்ய, சொல்லு. எனக்குப் பிள்ள வேணும்லா."

வடிவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. மனசு மாறிவிட்டாள் என்று நினைத்து இவ்வளவு நேரம் மருகியது வீண். மாறுவதற்கு அங்கே மனசே இருந்ததில்லை. மோர் குடித்தது, அரிசி டின், அழுகை, உம், எல்லாமே சுளகைப்போல, நாழியைப்போல முறைக்கு வேண்டிய சாமான்கள். அவளும் ஒரு சாமான். பரணில் ஏற்றிய அரிவாள்மணை, உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கிய பலகை, தலை நிமிராமல் எப்போ என்று கேட்ட மனுஷன், இவ்வளவையும் எமன் பார்த்திருக்கிறான், பார்த்து நம்பியிருக்கிறான். அவள் அவ்வளவு நன்றாக நம்பினாள். அதனால்தான் இந்தா, பாயில் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறது. இதை யாரிடம் போய் முறையிட? பிள்ளை செத்திருந்தால் கோமு சொன்னது பொய் என்று சண்டை பிடிக்கலாம். பிழைத்துக் கிடக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த வாயால் கேட்பது? வாங்கமாட்டேன், தவிட்டை எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், முறை அறுந்துபோய், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கோமுவின் பயம் இப்போது இவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதையும் கோமு எதிர்பார்த்திருப்பாள் என்று தோன்றியது. இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாளே என்னை, பாவி.

சுளகைக் கீழே வைத்துவிட்டு மடியை விரித்தாள். கோமு கண்ணைத் துடைத்துக்கொண்டு நாழியைத் தேடி எடுத்து வந்தாள். தலை தட்டி அளந்தாள். மடியில் விழுந்தது கனமாகவே இல்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றாள். தூக்கம் கலைந்த பிள்ளை அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துச் சிணுங்கிற்று. ஒம் பிள்ளை ஒனக்கு என்று மூன்று தடவை சொல்ல வேண்டும், அப்போதுதான் பிள்ளை பெற்றவளுக்குத் திரும்புமாம், பயமில்லாமல் இருக்கலாமாம் என்று கோமு சொல்லிக்கொடுத்தாள். வடிவு பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவை சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள். கோமுவின் முகம் அதற்குள்ளேயே தெளிய ஆரம்பித்திருந்தது; உதட்டோரத்தில், போகும்போது வாசலில் பார்த்த அதே சிரிப்பு.

வடிவு மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"யக்கா, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் கோமு வெளியே. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினாள். பிள்ளை அழ ஆரம்பித்தது. "யக்கா, ஒண்ணே ஒண்ணு. சொல்லிருக்கா. பயமா இருக்குக்கா." இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. வடிவு கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் அழுகை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, சன்னமாகி நிற்கிறவரைக்கும் வாயைத் திறக்கவில்லை.